பாறையின் பழைய கதையையும் கேளுங்கள்!

கம்ப்யூட்டரிலிருந்து ஒரு படம் கலர் கலராக வந்துவிட்டால் அதை எதிர்த்துப் பேச நம்மில் பலருக்கு வாய் வருவதில்லை. மடிந்து கிடக்கும் பாறை அடுக்குகளில் விரிசல் எங்கே விழுந்திருக்கும் என்று கணிக்கும் மாடல்களிலும் இதே கதைதான். சிவப்பு தெரிந்தால் விரிசல், நீலம் தெரிந்தால் ஒன்றுமில்லை. என்னைக் கேட்டால், அடுக்கின் இன்றைய வடிவத்தை மட்டும் கொடுத்து வாங்கிய படம் பாதி உண்மைதான்.

"கல்லில் விரிசல் விழுந்தால் நமக்கென்ன?" என்று கேட்காதீர்கள். ஈரானின் ஜாக்ரோஸ் மலைப்பகுதியில், மஸ்ஜித் சுலைமானில், 1908-ல் எண்ணெய் பீறிட்டது. அங்கே எண்ணெய் இருப்பது ஆஸ்மாரி என்ற சுண்ணாம்புப் பாறையில். அந்தப் பாறை இறுகிய ஜாதி. கிணற்றுக்கு எண்ணெய் வேகமாக ஓடி வருவது மடிந்த அடுக்கின் விரிசல்கள் வழியாகத்தான். விரிசல் கூட்டத்தைப் பார்த்துத் துளை போட்டால் லாபம். தள்ளிப் போட்டால் செலவுதான் மிச்சம்.

இனி நம்ம பாடத்துக்கு வருவோம். ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் பீம் வளைவதற்கு ஒரு சூத்திரம் மனப்பாடம் செய்தோமே, அதைப் பாறைக்குப் போட்டுப் பாருங்கள். அடுக்கின் தடிமன் 10 மீட்டர், வளைவின் ஆரம் 500 மீட்டர், யங்ஸ் மாடுலஸ் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 30,000 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். நடுக்கோட்டிலிருந்து மேல் விளிம்புக்கு 5 மீட்டர். ஆக இழுவிசைத் தகைவு 300 நியூட்டன் வருகிறது! சுண்ணாம்புப் பாறை தாங்குவது 10 என்று வைத்தால் முப்பது மடங்கு அதிகம். கணக்குப்படி மலை தூள் தூளாகியிருக்க வேண்டும். ஆகவில்லையே, ஏன்?

ஒரு நோட்டுப் புத்தகத்தை வளைத்துப் பாருங்கள். தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும். அதே 10 மீட்டர் பாறை, சறுக்கக்கூடிய ஒரு மீட்டர் அடுக்குகள் பத்தாக இருந்தால் தகைவு 300-லிருந்து 30-க்கு இறங்கிவிடும். இன்னும் இருக்கிறது. மேலே கிடக்கும் பாறையின் பாரம் விரிசலைத் திறக்கவிடாமல் அமுக்குகிறது. வளைவதும் லட்சக்கணக்கான வருஷங்களில் மெல்ல மெல்ல நடக்கிறது. இதெல்லாம் சொல்லாமல் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அடுக்குகளை ஒட்டிவைத்த மாதிரி கொடுத்தால் ஒட்டிய பாறைக்குத்தான் அது பதில் சொல்லும்.

வடக்கு டகோட்டாவின் சானிஷ் எண்ணெய்க் களத்தை வைத்து முர்ரே என்பவர் 1968-ல் எழுதிய கட்டுரை இத்துறையில் பெயர் பெற்றது. அடுக்கின் தடிமனும் வளைவும் கூடக்கூட விரிசல்களுக்குள் இருக்கும் வெற்றிடமும் கூடும் என்பது அதன் சாரம். நல்ல யோசனை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் வளைவை மட்டும் பார்த்து விரிசலைச் சொல்வது, ஆளின் சட்டையைப் பார்த்து வயசைச் சொல்வது போலத்தான்!

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஷீப் மவுண்டன் என்று ஒரு மடிப்பு மலை. பிக்ஹார்ன் ஆறு குறுக்கே அறுத்துக்கொண்டு போவதால் அடுக்குகள் வெளியே தெரிகின்றன. அங்கே விரிசல்களை அளந்து பெல்லாசன், ஃபியோரே, பொல்லார்ட் ஆகியோர் 2006-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். முகட்டில் மடிப்பின் அச்சுக்கு இணையாக ஓடுபவை வளைந்ததால் வந்தவை. சூத்திரம் சொல்வதும் அதைத்தான். ஆனால் அச்சுக்குச் சாய்வாக ஓடும் இன்னொரு கூட்டம், மலை மடிவதற்கு முன்பே விழுந்தது! பிறகு மடிந்தபோது பழைய விரிசல்களே சில இடங்களில் மறுபடி அசைந்து சறுக்கியிருக்கின்றன. ஏற்கெனவே கீறிய இடம் இருக்க, பாறை எதற்குப் புதிதாக உடைய வேண்டும்? வளைவை மட்டும் கேட்ட மாடலில் இந்தக் கூட்டம் வரவே வராது.

"இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் இருப்பதை எப்படிய்யா பார்ப்பது? அதற்குத்தானே மாடல்?" என்று நண்பர் ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்வி. அதனால்தான் அதே மாதிரிப் பாறை வெளியே தெரியும் இடத்தில், காம்பஸும் டேப்பும் எடுத்துக்கொண்டு போய், எந்த விரிசல் எதை வெட்டுகிறது, எது முந்தியது என்று குறித்துவர வேண்டும் என்கிறேன். அதைக் கொடுத்த பிறகு மாடலை ஓட்டட்டும். அடுக்குகளை ஒட்டி ஒரு தடவை, சறுக்கவிட்டு ஒரு தடவை, பழைய விரிசல்களைச் சேர்த்து ஒரு தடவை. மூன்று படத்தையும் ரிப்போர்ட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கட்டும். மூன்றிலும் சிவப்பு ஒரே இடத்தில் விழுந்தால் அங்கே துளை போடலாம்.