இலவசச் சட்ட உதவியும் மூத்த வழக்கறிஞர்களும்

ஏழைக்கு இலவசச் சட்ட உதவி வழங்குவதை, 1976இல் சேர்க்கப்பட்ட அரசமைப்பின் 39ஏ பிரிவு அரசின் கடமையாக்கியது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், காவலில் உள்ளோர், ஆலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமான வரம்பு கிடையாது. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் லேத் தொழிலாளிக்கும், ஜீவனாம்சம் கேட்கும் ஆவடிப் பெண்ணுக்கும் இது பொருந்தும். குற்றம் சாட்டப்பட்டவர் கேட்கவில்லை என்பதற்காகக்கூட இவ்வுதவியை மறுக்க முடியாது என்று 1986இல் சுக் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் உதவியின் தரம் குறுக்கு விசாரணையில்தான் தெரியும். அதற்கு அனுபவம் வேண்டும். எனவே பூந்தமல்லி, அம்பத்தூர் நீதிமன்றங்களின் மூத்த வழக்கறிஞர்கள் சட்ட உதவி வழக்குகளை இளையவர்களிடம் தள்ளிவிடாமல், தொழிலில் உள்ளவரை ஆண்டுக்குச் சிலவற்றையாவது ஏற்று நடத்த வேண்டும்.