பாம்பு காட்டிய பூட்டு

காலையில் கண் இமை நன்றாகத் திறந்திருக்கும், மாலைக்குள் தொங்கிவிடும். பேசப் பேசக் குரல் மங்கும். சோற்றை மெல்ல மெல்லத் தாடை ஓய்ந்துவிடும். முற்றினால் மூச்சுவிட உதவும் தசைகளும் கைவிடும். மயஸ்தீனியா கிராவிஸ் என்ற இந்த நோய்க்குக் காரணம் நரம்பா, தசையா? 1970-களின் தொடக்கம்வரை மருத்துவர்களிடையே இது தீராத வழக்கு. கடைசியில் சாட்சி சொன்னது ஒரு பாம்பு.

நரம்பு முனை அசிடைல்கோலின் என்ற ரசாயனத்தைச் சுரக்கிறது. தசை செல்லின் மேலுள்ள ஏற்பி என்ற புரதம் அதைப் பிடித்துக்கொண்டால் தசை சுருங்கும். அசிடைல்கோலின் சாவி, ஏற்பி பூட்டு. ஆனால் இந்தச் சாவி பூட்டில் ஒரு நொடிகூடத் தங்குவதில்லை. அதை வைத்துக்கொண்டு பூட்டுகளை எண்ணுவது எப்படி?

1963-ல் தைவானில் சாங், லீ என்ற இரு விஞ்ஞானிகள், அங்குள்ள கட்டுவிரியன் வகை ஒன்றின் விஷத்திலிருந்து ஆல்ஃபா பங்கரோடாக்சின் என்ற புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அது தசையில் இதே பூட்டில் போய் உட்காரும். லேசில் வெளியே வராது. கடிபட்டவருக்கு அது ஆபத்து. ஆராய்ச்சியாளருக்கோ வரப்பிரசாதம். கதிரியக்க அயோடினை அதில் ஏற்றி அனுப்பினால் ஒட்டிய இடங்களை எண்ணிவிடலாம். விஷம் துப்பறியும் ரசாயனமாக மாறியது.

1973-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எண்ணிப் பார்த்தார்கள். நோயாளிகளின் தசையில் இருந்த ஏற்பிகள், மற்றவர்களுக்கு இருப்பதில் 11 முதல் 30 சதவீதம்தான். பூட்டுகளே காணாமல் போயிருந்தன.

திருடன் யார்? அதே ஆண்டு கலிபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் பாட்ரிக், லிண்ட்ஸ்ட்ராம் இருவரும் மின்விலாங்கு மீனின் ஏற்பியைப் பிரித்தெடுத்து முயல்களுக்கு ஊசி மூலம் செலுத்தினார்கள். முயல்கள் துவண்டு விழுந்தன. மீனின் புரதத்தை எதிர்க்க அவற்றின் உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள்கள் சொந்தத் தசைகளையே தாக்கியிருந்தன. நோயாளிகளின் ரத்தத்தில் அதே போன்ற எதிர்ப்பொருளைக் கண்டுபிடிக்கும் சோதனை 1976-ல் வந்தது. அதிலும் ஏற்பிக்குக் கதிரியக்க முத்திரை குத்தியது பாம்பு விஷம்தான்.

எதிரி யாரென்று தெரிந்தபின் சிகிச்சைக்கும் திசை கிடைத்தது. அசிடைல்கோலினை நீடிக்கவைக்கும் பழைய மாத்திரைகள் இன்றும் உண்டு. அவற்றோடு, உடலின் தவறான தாக்குதலை அடக்கும் மருந்துகளும் சேர்ந்தன. 2021-ல் அமெரிக்கா அனுமதித்த எஃப்கார்டிஜிமாட், அந்த எதிர்ப்பொருள்களின் அளவையே குறைக்கிறது.

கட்டுவிரியனின் விஷம் இந்த நோய்க்கு மருந்தாகவில்லை. மருந்து எதைக் குறிவைக்க வேண்டும் என்று காட்டியது, அவ்வளவுதான். தைவான் விஞ்ஞானிகள் அறிய விரும்பியது பாம்பு விஷம் உடலை எப்படி முடக்குகிறது என்பதை. எந்த நோயைக் குணப்படுத்த இந்த ஆராய்ச்சி என்று அன்றைக்கே யாராவது கணக்குக் கேட்டிருந்தால், அவர்களிடம் பதில் இருந்திருக்காது.