தலைமை யார் கையில்?

(பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு, வேதியியல்)

அரசுப் பள்ளிகள் மேம்பட வேண்டும் என்பதில் கருத்து வேற்றுமை உடையவர் நம் நாட்டில் எவரும் இலர். மேடை ஏறுவோர் அனைவரும் அதைச் சொல்கிறார்கள். கேட்போர் அனைவரும் கை தட்டுகிறார்கள். ஆனால் அப்பணிக்கென்று ஒரு குழுவோ அறக்கட்டளையோ ஏற்படும்போது, அதன் தலைமை நாற்காலியில் அமர வேண்டியவர் யார் என்ற கேள்வியை மட்டும் நாம் கேட்பதே இல்லை. யாரோ ஒரு பெரிய மனிதர் அமர்வார், நல்லது நடக்கும் என்று இருந்து விடுகிறோம். அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊர் கூடிப் பள்ளியை உயர்த்துவது தமிழகத்துக்குப் புதிதன்று. காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1958ஆம் ஆண்டு கடம்பத்தூரில் தொடங்கிப் பல ஊர்களில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. ஒருவர் நிலம் தந்தார், ஒருவர் பெஞ்சு தந்தார், ஒருவர் கரும்பலகையும் கடிகாரமும் வாங்கிக் கொடுத்தார். அரசின் கையை மட்டும் எதிர்பாராமல் மக்களே முன்வந்த பேரியக்கம் அது. அன்று முன்னின்றவர்கள் ஊரில் வசதி படைத்தோர். இல்லாதவர் எதைக் கொண்டுவந்து கொடுப்பார்? ஆதலால் கொடுத்தவரே பேசினார், ஊர் கேட்டது. இன்றும் பழைய பள்ளிக் கட்டடங்கள் பலவற்றில் நன்கொடையாளர் பெயர் பொறித்த கல்லைக் காணலாம். அந்தக் கட்டடத்தில் பிள்ளையைப் படிக்க வைத்த கூலிக்காரரின் பெயரை எந்தக் கல்லிலும் காண முடியாது.

அதே மரபின் இன்றைய வடிவம் தான் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம். 2022 டிசம்பரில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் இதைத் தொடங்கி வைத்தார். தொழிலதிபர் வேணு சீனிவாசன் தலைவரானார். சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்த் நல்லெண்ணத் தூதரானார். இதில் நான் குறை காணவில்லை. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின்படி பெரிய நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணம் பள்ளிகளுக்கு வர வேண்டுமானால், கம்பெனிக்காரர்கள் நம்பக்கூடிய ஒரு பெயர் மேலே இருக்கத்தான் வேண்டும். கோடி ரூபாயை வரவழைக்க என் தாயாரால் முடியுமா? முடியாது.

ஆயின் பணம் வந்து சேர்வது பாதி வேலை. அந்தப் பணம் எந்தப் பள்ளியில், எந்தக் குறையைத் தீர்க்க வேண்டும் என்று சொல்ல ஒருவர் வேண்டும் அன்றோ? கொடுப்பவருக்குக் கண்ணில் படுவது வாசலும் மதிலும். குறை இருப்பதோ பெரும்பாலும் கொல்லைப்புறத்தில். அதை அறிந்தவர்கள் அப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகள். அவர்கள் வாய் திறந்து சொல்வது தாயிடம்.

சட்டம் இதை உணர்ந்தே இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21ஆம் பிரிவில், பள்ளிதோறும் மேலாண்மைக் குழு அமைய வேண்டும் என்கிறது. குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் தீட்டுவது, வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது ஆகியவை அதன் வேலைகள். 2022இல் தமிழகத்தின் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் இக்குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். இருபது பேர் கொண்ட குழு, அதில் பதினைந்து பேர் பெற்றோர். தலைமைப் பொறுப்பும் பெற்றோரில் ஒருவருக்கே. பெரும்பாலான ஊர்களில் அவர் ஒரு தாய். ஏட்டில் பார்த்தால் இதைவிடப் பெரிய புரட்சி வேறில்லை! ஊர் மணியக்காரரும் மிராசுதாரரும் அமர்ந்திருந்த இடத்தில் களை எடுக்கும் பெண் அமர்கிறாள்.

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் அப்படி அமர்ந்தவர் என் அம்மா. தம்பி அப்போது அங்கே ஐந்தாம் வகுப்பு. நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார், பெயரை அழகாக எழுதுவார். “பேர் எழுதத் தெரிஞ்சா போதும்மா, மத்ததை நாங்க பாத்துக்கிறோம்” என்று சொல்லித்தான் அவரைத் தலைவராக்கினார்கள். அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் அடங்கிவிட்டது என்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு. நாற்று நடவோ நூறு நாள் வேலையோ, எதில் இருந்தாலும் பாதியில் விட்டுவிட்டு வர வேண்டும். 2022இல் நூறு நாள் வேலைக்கு அரசு குறித்த நாட்கூலி 281 ரூபாய். தலைவர் பதவி வகிக்க மாதம் ஒரு நாள் கூலியைக் கொடுத்தவர் என் அம்மா. சம்பளத்தோடு கூட்டத்துக்கு வந்தவர்கள் ஆசிரியர்கள். இதை நான் பொறாமையால் சொல்லவில்லை, கணக்காகச் சொல்கிறேன்.

அம்மா போனபோது தீர்மானப் பதிவேட்டில் தீர்மானங்கள் முன்பே எழுதப்பட்டிருக்கும். ஆய்வகத்தில் ரீடிங் எடுக்காமல் ரெக்கார்டு எழுதிக்கொண்டு போனால் நம் ஆசிரியர்கள் சிவப்பு மையால் குறுக்கே கோடிட்டுத் திருப்பித் தருகிறார்கள். கூட்டம் நடக்கும் முன்பே தீர்மானம் எழுதினால் மட்டும் கேட்பார் இல்லை! தலைமையாசிரியர் கையொப்பத்துக்குப் பக்கத்தில் அம்மா கையொப்பமும் வேண்டும், அதற்காகத்தான் நாற்காலி.

அந்த ஆண்டு ஒரு கம்பெனி எங்கள் பள்ளிக்கு உதவ வந்தது. மதில் சுவர் முழுவதும் வண்ணம் பூசி, திருக்குறளும் பட்டாம்பூச்சியும் வரைந்து, மூலையில் தங்கள் பெயரையும் எழுதினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் மோட்டார் பழுதாகித் தண்ணீர் வந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. ஏழாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் படிக்கும் பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் பள்ளிக்கு வருவார்கள். மாதத்தில் மூன்று நாள் வரவே மாட்டார்கள். அம்மாவிடம் இதைச் சொன்னவர்கள் அந்தப் பிள்ளைகளின் தாய்மார்கள். கம்பெனிக்காரர்களிடம் யார் சொன்னார்கள்? எவரும் சொல்லவில்லை. அவர்கள் வந்த நாளில் அம்மாவை அழைத்து மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். என்ன தேவை என்று கேட்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் அம்மா, “தண்ணி எப்ப சார் வரும்?” என்றார். அடுத்த மாதம் பார்ப்போம் என்று பதில் வந்தது. அதற்கடுத்த மாதமும் அதே பதில். மூன்றாம் மாதம் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு, “தண்ணி விசயத்தையும் இதுல எழுதுங்க சார், எழுதினப்புறம் கையெழுத்துப் போடுறேன்” என்றார். அறையில் சற்று நேரம் யாரும் பேசவில்லையாம். பிறகு எழுதினார்கள். மோட்டார் வர மேலும் நான்கு மாதம் ஆயிற்று. அதையும் ஊராட்சிதான் செய்தது. இருந்தாலும் எழுத்தில் ஒரு வரி இருந்ததால்தான் ஊராட்சியில் போய்க் கேட்க முடிந்தது என்று அம்மா இன்றும் சொல்கிறார்.

தலைமையாசிரியரைக் கொடியவராகக் காட்டுவது என் எண்ணமன்று. அவர் வகுப்பும் எடுக்கிறார், சத்துணவையும் பார்க்கிறார், நாள்தோறும் கைப்பேசியில் ஏற்ற வேண்டிய விவரங்களும் ஏராளம். மேலிடத்தில் கேட்பது ‘கூட்டம் நடந்ததா, படம் ஏற்றினீர்களா’ என்பதே. என்ன பேசினீர்கள் என்று கேட்பார் இலர். அப்படியிருக்க, தீர்மானத்தை முன்பே எழுதி வைப்பது அவருக்கு வேலை மிச்சம். குற்றம் ஒரு மனிதரிடம் இருந்தால் இடமாற்றலில் தீர்ந்துவிடும். இது அப்படித் தீர்வதன்று.

பெற்றோருக்கு நாற்காலி தந்தால் போதாது என்பதற்கு அயல்நாட்டு எடுத்துக்காட்டும் உண்டு. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1988இல் இயற்றிய சட்டத்தால் பள்ளிதோறும் ஒரு மன்றம் ஏற்பட்டது. பெற்றோர் ஆறு பேர், அப்பகுதி வாழ்வோர் இருவர், ஆசிரியர் இருவர், பள்ளி முதல்வர் என்று அமைப்பு. தலைவர் பெற்றோராகவே இருக்க வேண்டும். இதுவரை நம்முடையதைப் போலத்தான். அடுத்து வருவதில்தான் வேறுபாடு. அங்கே முதல்வரை நான்காண்டு ஒப்பந்தத்தில் தேர்ந்தெடுக்கும் உரிமையும், பள்ளியின் செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தரும் உரிமையும் அம்மன்றத்துக்கு உண்டு. பின்னாளில் உறுப்பினர்களுக்குப் பயிற்சியையும் கட்டாயமாக்கினார்கள். அங்கும் எல்லாம் பொன்னாகிவிடவில்லை. போட்டியிட ஆள் இல்லாத தேர்தல்களும் நடந்திருக்கின்றன. எனினும் அம்மன்றம் ஒப்புதல் தர மறுத்தால் வேலை நிற்கும். அதனால் அவர்களிடம் விளக்கிச் சொல்லியே ஆக வேண்டும்.

தலைமையாசிரியரை அமர்த்தும் உரிமையை இங்கே கேட்பது அளவு மீறியது என்பது என் கருத்து. சாதியும் கட்சியும் புகுந்து ஆசிரியரைப் பந்தாடிவிடும் ஊர்கள் நம்மிடம் உண்டு. ஆனால் கணக்கைக் கேட்கும் உரிமை சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அதை வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொன்னால் யார் குடி கெடும்? ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிப்படி 31 முதல் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 25,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்காவது துப்புரவுக்குச் செலவாக வேண்டும். அதாவது 2,500 ரூபாய். இந்த எண்ணை இரண்டாண்டு தலைவராக இருந்த என் அம்மா ஒரு முறையும் கேட்டதில்லை. நான் கல்லூரிக்கு வந்தபின் படித்துச் சொன்னபோதுதான், “அப்பவே தெரிஞ்சிருந்தா பினாயில் இல்லைன்னு சொன்னப்ப கேட்டிருப்பேனே” என்றார். பத்தாயிரம் பக்கக் கையேடு அச்சிட வேண்டாம். வந்தது இவ்வளவு, செலவு இவ்வளவு என்று நான்கு வரியைப் பள்ளிச் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதினால் போதும். உதவ வரும் கம்பெனியும் அறக்கட்டளையும், குழு கூடி நிறைவேற்றிய தேவைப் பட்டியலில் இருக்கும் பொருளுக்கு மட்டுமே பணம் தருவது என்று முடிவு செய்தால், அந்தக் குழுவின் தலைவருக்கு மறுநாளே மதிப்பு வந்துவிடும். பணம் உள்ளவரின் பெயருக்கு மேலே இடம் இருக்கட்டும். பட்டியல் கீழிருந்து போகட்டும்.

இனி நம் கதைக்கு வருகிறேன். 2024இல் இக்குழுக்களை மீண்டும் அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தந்தார்கள். முன்னாள் மாணவர் என்றதும் வெளிநாட்டிலிருந்து காசோலையோடு வரும் கனவானை நினைக்க வேண்டாம். நாம்தான்! புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் பெறுவோர் கையைத் தூக்குங்கள் என்றால் நம் வகுப்பறையில் எத்தனை கைகள் உயரும் என்பதை ஆசிரியப் பெருமக்கள் அறிவர். அத்தனை பேருக்கும் ஓர் அரசுப் பள்ளி ஊரில் இருக்கிறது. வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் நம்மில் பாதிக்கும் மேல். அரசாணையைப் படிக்கவும், மனு எழுதவும், கூட்டல் சரிபார்க்கவும் நம் வீட்டில் தெரிந்தவர் நாம் ஒருவரே. இதைப் பெருமையாக வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆனால் எச்சரிக்கை ஒன்று வேண்டும். பெண் தலைவராக உள்ள ஊராட்சிகள் சிலவற்றில் கணவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று, பிறகு நாற்காலியிலேயே அமர்ந்துவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். படித்த பிள்ளை குழுவில் நுழைந்தால் அதே கதை நடக்கலாம். “உனக்குத் தெரியாதும்மா, நான் பேசுறேன்” என்று சொல்லும் நாக்கு நம்மிடமும் உண்டு. நமக்குரிய வேலை பதிவேட்டை வாசித்துக் காட்டுவதும், அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதுவதும்தான். தண்ணீர் இல்லை என்று அம்மாவுக்குத் தெரிந்தது. எனக்கு அது தெரியவில்லை, நான் அந்த ஆண்டு பிளஸ் டூ மதிப்பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஆண்டுதோறும் ஏதோ ஓர் ஊர்ப் பள்ளி வளாகத்தைப் பெருக்கி, செடி நட்டு வருகிறோம். ஏழு நாளில் ஒரு மாலையை அவ்வூர்ப் பள்ளிக் குழுவின் தாய்மார்களோடு பதிவேட்டை விரித்து வைத்து உட்காரச் செலவிடலாம் என்பது திட்ட அலுவலருக்கு என் விண்ணப்பம். முகாம் இல்லாத மாதங்களில் அவரவர் ஊரில் அவரவர் செய்யலாம். கூட்ட நேரத்தை மட்டும் மாலை ஆறரைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். வேலைக்குப் போன தாய்மார்கள் அதற்குள் வீடு திரும்பியிருப்பார்கள். ஐந்தேகால் பேருந்தைப் பிடித்தால் நாமும் போய்ச் சேர்ந்துவிடலாம்.