உயிர் இல்லாத உயிர் உரம் எதுக்கு?



மல்லாட்டை விதைப்புன்னாலே டி.ஏ.பி.க்கு அலைய வேண்டியிருக்கு. மூட்டை கிடைத்தாலும், கேட்காத சரக்கையும் சேர்த்துத் தலையில் கட்டுகிறார்கள். விளைச்சலுக்கு விலையாவது கிடைக்குமா என்றால், 2025 மே மாதம் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கான அடிப்படை இறக்குமதி வரியை ஒன்றிய அரசு 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைத்துவிட்டது. விலை நம்ம கையில் இல்லை. செலவையாவது குறைக்கலாம் என்றுதான் உயிர் உரத்தைப் பற்றி இங்கே பேசுகிறோம்.

நாம் போடுகிற மணிச்சத்தில் பெரும்பகுதியை அந்தப் போகத்துப் பயிர் எடுப்பதே இல்லை. சுண்ணாம்பு நிலத்தில் சுண்ணாம்போடும், செம்மண்ணில் இரும்போடும் சேர்ந்து கெட்டியாகிவிடுகிறது. காசு கொடுத்து வாங்கி மண்ணுக்குள்ளே பூட்டி வைக்கிறோம்! பாஸ்போபாக்டீரியா அமிலம் சுரந்து அதைக் கரைத்து வேருக்குக் கொடுக்கும். ரைசோபியம் மல்லாட்டை வேரில் முடிச்சுப் போட்டு, காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும். எள்ளுக்கும் சூரியகாந்திக்கும் வேர் முடிச்சு கிடையாது, அதுகளுக்கு அசோஸ்பைரில்லம்.

வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி, ரெண்டரை ஏக்கர் மல்லாட்டை விதைக்கு 200 கிராம் பாக்கெட்டில் ரைசோபியம் 3, பாஸ்போபாக்டீரியா 3. ஆறின வடிகஞ்சியில் கலந்து, தோல் உரியாமல் விதையைப் பிரட்டி, நிழலில் உலர்த்தி உடனே விதைக்கணும். பூஞ்சாண மருந்து கலக்குவதாக இருந்தால் ஒரு நாள் முன்னாடியே கலந்துவிடுங்கள். ரெண்டையும் ஒண்ணாப் போட்டால் மருந்தே நுண்ணுயிரைக் கொன்றுவிடும். இதைப் போட்டால் வேறு எதுவுமே வேண்டாம் என்று சொல்லும் வியாபாரியை நம்பாதீர்கள். தொழுவுரம் வேண்டும். காய் திரள ஜிப்சம் வேண்டும்.

இனி நம்ம வழக்குக்கு வருவோம். யூரியா மூட்டை ஒரு வருஷம் கிடந்தாலும் யூரியாதான். உயிர் உரம் அப்படி இல்லை, அது உயிருள்ள சரக்கு. 2006-லேயே இதை உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். தூள் வகையில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிரணு இருக்கணும் என்பது சட்டம். ஆனால் தகரக் கூரைக் கிடங்கில், பூச்சி மருந்து டப்பாவுக்குப் பக்கத்தில், சித்திரை வெயிலில் வெந்த பாக்கெட்டில் எத்தனை உயிர் மிஞ்சும்? அதுவும் விதைப்பு முடிந்த பிறகு, மானியக் கணக்கை முடிப்பதற்காக நம்மிடம் தள்ளுகிற பாக்கெட்டில்? அது வெறும் கரித்தூள். பலன் இல்லை என்று போய்க் கேட்டால், "நீங்க சரியாக் கலக்கலை" என்று பழி நம்ம மேலேயே விழுகிறது.

2024 அக்டோபரில் 10,103 கோடி ரூபாயில் எண்ணெய்வித்துத் திட்டத்துக்கு ஒன்றிய அரசு ஒப்புதல் கொடுத்தது. வட்டாரத்துக்கு ஒரு குளிர்ந்த அறை கட்ட அதில் காசு இல்லையா? நாம் கேட்பது இதுதான்: விதைப்புக்கு 15 நாள் முன்னாடி, புதுசாத் தயாரித்த உயிர் உரம் விதையோடு சேர்த்துக் கிடைக்கணும். ஒவ்வொரு தொகுப்பிலும் மாதிரி எடுத்துச் சோதித்து, முடிவை அலுவலகப் பலகையில் எழுதிப் போடணும். டி.ஏ.பி.யோடு வேறு சரக்கைக் கட்டி விற்பதை நிறுத்தணும்.

பாக்கெட்டை வாங்கும்போதே தயாரிப்புத் தேதியும் காலாவதித் தேதியும் பாருங்கள். எந்தப் பயிருக்கு என்றும் பாருங்கள், உளுந்து ரைசோபியத்தை மல்லாட்டைக்குத் தருவார்கள். தேதி முடிந்ததைக் கையில் வாங்காதீர்கள். பில் கேளுங்கள். விதைத்த ஒரு மாதம் கழித்து நாலு செடியைப் பிடுங்கி, வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால், அந்தச் செடியையும் பில்லையும் காலிப் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு சங்கக் கிளைக்கு வாருங்கள். உர ஆய்வாளரிடம் எழுத்து மூலம் புகார் கொடுக்க நாமே கூட வருகிறோம்.