வலவரில்லா வானூர்திகள்!

செலுத்தும் வலவன் இன்றித் தானே இயங்கும் வானவூர்தியைப் பற்றி உறையூர் முதுகண்ணன் சாத்தனார் புறநானூற்றின் 27-ஆம் பாட்டில் பாடிவைத்தார். புலவர் பாடும் புகழுடையோர்க்கே அப்பேறு வாய்க்கும் என்பது அவர் கருத்து. இற்றைத் தில்லியரசோ அப்பேற்றை எல்லார்க்கும் வாரி வழங்கிவிட்டது! தளம் உண்டு, ஊர்தி உண்டு, பயணச்சீட்டும் உண்டு. செலுத்துதற்கு வலவர்தாம் இல்லை!

2025 திசம்பர் 5-ஆம் நாள், அந்த ஒரு நாளில் மட்டும், இண்டிகோ குழுமம் ஆயிரத்திற்கும் மேற்பட்ட பறப்புகளைக் கைவிட்டது. கரணியம் என்ன? வலவர்க்குக் கிழமைதோறும் 36 மணி நேரமாயிருந்த தொடர் ஓய்வு 48 மணி நேரமாக உயர்த்தப்பட்டது. இரவுத் தரையிறக்கம் ஆறிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. இந்நெறி 2024 சனவரியிலேயே அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ ஈராண்டு இருந்தும் குழுமம் போதிய வலவரைச் சேர்க்கவில்லை. அரசு என்ன செய்தது? குழுமத்தைத் திருத்துவதை விட்டு நெறியையே இடைக்காலமாகத் தளர்த்திற்று! உறக்கமற்ற கண்களை நம்பி மக்கள் பறக்கவேண்டுமாம்!

பெருங்குழுமத்தின் நிலை இதுவென்றால், சிற்றூர்த் தடங்களில் ஊர்தி விடும் சிறு குழுமங்களின் நிலை என்ன? அவை பயிற்றி வளர்த்த வலவரைப் பெருங்குழுமங்கள் கூடுதல் சம்பளங்காட்டி ஈர்த்துக் கொள்கின்றன. அதைத் தடுக்கத் தில்லி கண்ட மருந்து, தலைமை வலவர் விலகுமுன் ஓராண்டு முன்னறிவிப்புத் தரவேண்டும் என்னும் 2017-ஆம் ஆண்டு ஆணை. புதிய வலவரை உருவாக்க வழியறியாதார், இருப்பவரைக் கட்டிவைக்கக் கயிறு திரித்தனர்!

சிற்றூர்களை வானால் இணைப்பதாகக் கூறி 2016-இல் 'உடான்' திட்டம் அறிவிக்கப்பட்டது. 2023-ஆம் ஆண்டு நடுவண் தணிக்கை அறிக்கை அதன் உண்மையை உரைத்துவிட்டது. முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கிய 774 தடங்களில் 403 தொடங்கப்படவேயில்லை. தொடங்கிய 371-இல் மூன்றாண்டுக் காலத்தை நிறைவு செய்தவை 112 மட்டுமே. ஊர்தி போதாமை, வலவர் போதாமை, முதல் போதாமை என ஒன்றையொன்று தொட்ட குறைகள் பல. ஆயினும், இத்திட்டத்தின் ஈட்டுத்தொகையில் 20 விழுக்காட்டை மாநிலமே தரவேண்டும். பணம் தமிழனது, ஆணை தில்லியினது!

தமிழ்நாடு கண்டது என்ன? 2018 மார்ச்சில் சேலத்திற்கு வந்த 'துரூசெட்' ஊர்தி 2021-இல் நின்றது. 2023 அக்தோபர் வரை அத்தளம் பயணியரின்றிக் கிடந்தது. திருவண்ணாமலைக்கு 80 கி.மீ. அளவிலுள்ள வேலூர்த் தளமோ, நெய்வேலித் தளமோ, இத்திட்டத்தால் 2024 முடியும்வரை ஒரு பயணியர் ஊர்தியையும் காணவில்லை. கார்த்திகை விளக்கீட்டிற்கும் முழுநிலா மலைவலத்திற்கும் இலக்கக் கணக்கானோர் திரளும் திருவண்ணாமலை, சென்னையிலிருந்து நேர்த் தொடர்வண்டியை மீண்டும் பெறவே 2024 மே வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வூர்க்கு வானூர்தி என்பது வெறும் வாய்ப்பேச்சே!

உண்மையில் இந்நாட்டில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆளாவதற்கு வழிதான் இல்லை. வணிக வலவர் உரிமத்திற்கு 200 மணி நேரம் பறந்து பழகவேண்டும். அதற்காகும் செலவு அரைக்கோடி உருபாவைத் தாண்டும். செங்கத்திலும் போளூரிலும் நிலக்கடலை பயிரிடும் உழவன் தன் நிலம் முழுவதையும் விற்றாலும் அத்தொகை கிட்டுமா? நடுவணரசின் வலவர் பயிற்சிக் கழகமோ உத்தரப் பிரதேசத்து இரேபரேலி அருகே அமர்ந்திருக்கிறது! அனைத்தையும் கடந்து தேர்வெழுதச் சென்றாலும், வானிலையையும் வழிகாண் கலையையும் தமிழில் எழுத இடமில்லை.

"வானில் ஆங்கிலமன்றோ வேண்டும்?" என்பர் சிலர். கட்டுப்பாட்டு நிலையத்தாரோடு பேச ஆங்கிலம் வேண்டும். அதை யாரும் மறுக்கவில்லை. காற்றின் போக்கையும் பொறியின் இயக்கத்தையும் புரிந்துகொள்ளவுமா ஆங்கிலம் வேண்டும்? புரிதல் தாய்மொழியில், பேச்சுக் குறியீடு ஆங்கிலத்தில். இதில் என்ன முரண்?

வானூர்திக்குள் நிகழ்வதைப் பாருங்கள்! சென்னையிலிருந்து சேலத்திற்குப் பறக்கும் ஊர்தியிலும் காப்பு அறிவுரைகள் பெரும்பாலும் இந்தியிலும் ஆங்கிலத்திலுமே ஒலிக்கின்றன. தீப்பற்றினால் எவ்வாயிலால் வெளியேறுவது என்பது தமிழ் மூதாட்டிக்குப் புரியவேண்டாவா? மொழியுரிமை இங்கே உயிருரிமை! தமிழறிந்த பணியர் பற்றாக்குறையைப் பற்றாக்குறையென எந்தக் குழுமமும் எண்ணுவதேயில்லை.

தமிழ்நாட்டரசு செய்யவேண்டுவன மூன்று. அரசே வலவர் பயிற்சிப் பள்ளி நிறுவி, ஏழை மாணவரின் செலவை ஏற்கவேண்டும். பாடநூல்களைத் தமிழில் ஆக்கித் தமிழில் தேர்வெழுதும் உரிமையைத் தில்லியிடம் வலியுறுத்திப் பெறவேண்டும். தமிழில் காப்புரை வழங்காத குழுமத்திற்கும், போதிய வலவர் இல்லாத குழுமத்திற்கும், தமிழர் வரிப்பணத்திலிருந்து ஒரு காசும் ஈட்டுத்தொகையாகத் தரலாகாது.

தமிழர்களே! கடலில் கலஞ்செலுத்திய இனம் வானில் வெறும் சுமையாய் ஏறி இறங்குவதா? வலவர் இல்லையெனக் கைவிரிக்கும் தில்லிக்கு விடையிறுங்கள்: வலவர் இங்கே உளர், வழியை விடுக!