தேதியைத் திருத்தியவன்

நான்கு வருடங்களுக்கு முன்பு எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு பெண் தோழர் கட்டுரை வாசித்தார். அரசுப் பள்ளியில் அவர் படித்தபோது வகுப்பறை மூலையில் இருந்த தண்ணீர்ப் பானையைப் பற்றியது. யார் டம்ளரை முக்கி எடுக்கலாம், யாருக்கு இன்னொருவர்தான் மேலிருந்து ஊற்ற வேண்டும், யாரும் வாய்திறந்து சொல்லாமலே இந்த விதி ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரிந்திருந்தது என்று ஆறு பக்கம் எழுதியிருந்தார். நடுவில் ஓரிடத்தில் மகத் குளப் போராட்டம் நடந்த ஆண்டை 1926 என்று குறிப்பிட்டிருந்தார். வாசித்து முடித்ததும் முதலில் கை தூக்கியவன் நான்.

"தோழர், மகத் 1927 மார்ச். திருத்திக்கொள்ளுங்க."

அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. சவுதார் குளத்தின் வரலாற்றை ஐந்து நிமிடம் விளக்கினேன். ஆய்வு மாணவன் அல்லவா, வாய் சும்மா இருக்காது. எனக்கு அடுத்துப் பேசியவர் கட்டுரையின் மொழிநடை அருமை என்றார். மூன்றாமவர், இப்போதெல்லாம் பள்ளிகளில் இப்படி இல்லையே என்றார். தேநீர் வந்தது. கூட்டம் முடிந்தது. பானையைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு ஒரு வருடம் அந்தத் தோழர் எங்கள் வட்டத்தில் எதையும் வாசிக்கவில்லை. அது என்னால்தான் என்று சொல்ல ஆதாரம் இல்லை. என்னால் இல்லை என்று சொல்லவும் ஆதாரம் இல்லை.

ஒருவர் எழுதியதற்கு, பேசியதற்கு நாம் ஏன் எதிர்வினை செய்கிறோம்? சாதி ஒழிப்பு பேசும் நம் இடங்களில் இந்தக் கேள்வியை நாம் போதுமான அளவு கேட்டுக்கொண்டதில்லை. எழுதுவது எப்படி என்பதற்குப் பயிற்சிப் பட்டறை நடத்துகிறோம். பதில் சொல்வது எப்படி என்பது தானாக வந்துவிடும் என்று நினைக்கிறோம். வருவதில்லை. தானாக வருவது சாதி பழக்கிய பதில்தான்.

இதற்குப் பாடம் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. நாம் எல்லோரும் படித்திருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு புத்தகத்தின் பின்பக்கங்களிலேயே இருக்கிறது. 'சாதி ஒழிப்பு' நூலைப் பலர் உரை முடிந்த இடத்தில் மூடிவிடுகிறார்கள். அதற்குப் பின்னால் இருப்பதைப் புரட்டுங்கள்.

கதை தெரிந்ததுதான். லாகூரின் ஜாத்-பாத் தோடக் மண்டல், பெரும்பாலும் சாதி இந்துச் சீர்திருத்தவாதிகளின் அமைப்பு. 1936ஆம் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க அண்ணல் அம்பேத்கரை அழைத்தது. உரை எழுதி முடிந்து அவர்கள் கைக்குப் போனதும் பதற்றம் தொடங்கியது. மண்டலைச் சேர்ந்த ஹர் பகவான் எழுதிய கடிதத்தைப் பாருங்கள். உரையில் பெரும்பகுதி அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. வேதங்களின் மீதும் சாஸ்திரங்களின் மீதும் கை வைத்த பகுதிதான் உறுத்துகிறது, அதைத் தவிர்த்திருக்கலாம் என்கிறார். இந்து மதத்தை விட்டு வெளியேறுவது பற்றிப் பேசுவதும் வேண்டாமாம். அண்ணலின் பதில் ஏப்ரல் 27 தேதியிட்டது. ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்றார். உரை மேடையேறவே இல்லை. மே மாதம் தன் செலவில் 1,500 பிரதிகள் அச்சிட்டார். இரண்டு மாதத்தில் தீர்ந்தன.

மண்டல்காரர்கள் வெறியர்கள் அல்லர். சாதியை ஒழிக்க வேண்டும் என்று அமைப்பு கட்டியவர்கள். இன்று 'நேச சக்திகள்' என்று நாம் அழைப்பவர்களின் இடத்தில் அன்று இருந்தவர்கள். "உங்களை ஆதரிக்கிறோம், அந்த ஒரு பத்தி மட்டும்…" என்று தொடங்கும் வாக்கியத்தை நம்மில் கேட்காதவர் யார்? அந்த ஒரு பத்தியில்தான் கட்டுரையின் உயிர் இருக்கும். பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பியவர்களுக்கும் தெரியும், ஆய்வேட்டின் முன்வரைவைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்களுக்கும் தெரியும்.

அடுத்தது காந்தி. 1936 ஜூலையில் தன் 'ஹரிஜன்' இதழில் இரண்டு வாரம் இதைப் பற்றி எழுதினார். அவருக்கு நியாயம் செய்துவிட்டே மேலே போக வேண்டும். உரையை மேடையேற்றாத வரவேற்புக் குழுவைக் கண்டித்தார். எந்தச் சீர்திருத்தவாதியும் இதைப் புறக்கணிக்க முடியாது, வைதீகர்களும் படிக்க வேண்டும் என்றார். விலை 8 அணா அதிகம், 2 அணா ஆக்கலாம், குறைந்தது 4 அணா என்றார். இந்த விலைப் பேச்சை எள்ளலாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது நல்ல யோசனையாகவே படுகிறது. எட்டணா அன்று சிறு காசு இல்லை.

ஆனால் பதிலின் உள்ளே போனால் காந்தி வேறொரு வேலை செய்கிறார். சாஸ்திரங்களின் அதிகாரத்தை உடைக்காமல் சாதியை உடைக்க முடியாது என்பது அம்பேத்கரின் வாதம். காந்தி அதற்கு முகம் கொடுப்பதில்லை. சாதிக்கும் மதத்துக்கும் தொடர்பில்லை, வருணம் வேறு சாதி வேறு, ஒரு மதத்தை அதன் மோசமான மனிதர்களை வைத்தல்ல, சிறந்தவர்களை வைத்தே அளக்க வேண்டும் என்று நகர்ந்துவிடுகிறார். சிறந்தவர்கள் என்று அவர் அடுக்கும் பெயர்களில் சைதன்யர், ஞானேஸ்வர், துக்காராம் எல்லோரும் வருகிறார்கள். நம் திருவள்ளுவரும் வருகிறார். வள்ளுவரைப் பௌத்தராகக் கொண்டு அயோத்திதாசப் பண்டிதர் தன் 'தமிழன்' இதழில் எழுதி அப்போது இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. காந்தி அதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் ஒருவரைத் தன் பட்டியலில் சேர்க்கும் முன் அவர் மீது வேறு யாருக்காவது உரிமை இருக்கிறதா என்று கேட்பதும் பதில் சொல்பவரின் கடமைதான்.

இனி அண்ணலின் பதில். 1937இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவர் அதைச் சேர்த்தார். அந்தப் பதிப்பின் அமைப்பை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். காந்தியின் கட்டுரைகளை அதில் முழுமையாக அச்சிட்டிருக்கிறார். தனக்கு வசதியான வரிகளைப் பிய்த்துப் போடவில்லை. மண்டலுடன் நடந்த கடிதப் போக்குவரத்தும் இருக்கிறது. தன் புத்தகத்தில், தன் தாளில், தனக்கு எதிரான வாதத்துக்கு முழு இடம் கொடுக்கிறார். பிறகு பதிலைத் தொடங்கும்போது, தன் உரையின் முக்கிய வாதங்கள் எவை என்று எண்ணிட்டுச் சொல்கிறார். காந்தி எழுப்பியவை எவை என்று அதே போல எண்ணிடுகிறார். முதல் பட்டியலில் இருக்கும் எதற்கும் இரண்டாம் பட்டியலில் பதில் இல்லை என்பது வாசகருக்குக் கண்ணாலேயே தெரிந்துவிடுகிறது. அதன் பிறகுதான் காந்தியின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறார்.

மகான்கள் என்ற வாதத்துக்கு என்ன சொல்கிறார்? மகான்கள் கடவுளின் முன் எல்லோரும் சமம் என்றார்கள், மனிதனும் மனிதனும் சமம் என்று போராடவில்லை. முதலாவது யாரையும் தொந்தரவு செய்யாத கருத்து. அது போக, மகான் சாதியை மீறலாம், சாமானியன் மீறக்கூடாது என்றே மக்களுக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. சிறந்தவர்களை வைத்து அளக்கச் சொல்கிறீர்கள், சரி, சிறந்தவர்கள் ஏன் இவ்வளவு குறைவு, மோசமானவர்கள் ஏன் இவ்வளவு அதிகம் என்று திருப்பிக் கேட்கிறார். எதிராளி வைத்த அளவுகோலையே கையில் வாங்கி அளந்து காட்டுகிறார்.

இதெல்லாம் மென்மையான குரலில் நடந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். புகழுக்காகத்தான் அம்பேத்கர் இதை வெளியிட்டார் என்ற தொனி காந்தியின் கட்டுரையில் இருந்தது. கண்ணாடி வீட்டில் இருப்பவர் கல்லெறியலாமா என்ற பொருளில் அதைத் திருப்பி அடித்துவிட்டுத்தான் வேலைக்கு வருகிறார். அப்பன் தொழிலை மகன் செய்ய வேண்டும் என்று சொல்கிற காந்தியின் குடும்பமே தராசை விட்டுத் திவான் பதவிக்குப் போனதையும், அவர் கடைசி மகன் பார்ப்பனக் குடும்பத்தில் பெண் எடுத்ததையும் (நம் ராஜாஜியின் மகள்) எடுத்துக் காட்டுகிறார். தனிமனிதத் தாக்குதல் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் வாதத்தோடு அதற்கு நேரடித் தொடர்பு இருக்கிறது. ஊருக்குச் சொன்ன விதி வீட்டில் செல்லுபடியாகிறதா என்பதே கேள்வி.

நாகரிகம் என்றால் குரலைத் தாழ்த்துவது என்று நமக்குச் சொல்லித்தரப்பட்டிருக்கிறது. ஒடுக்கப்பட்டவர் பேசும்போது முதலில் வரும் பதில் "ஏன் இவ்வளவு கோபம்?" என்பதுதான். செமினார் அறையில் கேட்டிருக்கிறேன், நண்பர்களின் வீட்டுத் திண்ணையில் கேட்டிருக்கிறேன். சொன்னது உண்மையா பொய்யா என்ற பேச்சே வராது. அடுத்து "நீங்க எந்த ஊர்?" என்று ஆரம்பித்து, ஊரிலிருந்து தெருவுக்கு வந்து, தெருவிலிருந்து முடிவுக்கு வந்துவிடுவார்கள். சாதி தெரிந்த பிறகு வாதத்தின் எடை அவர்களுக்குக் கூடும் அல்லது குறையும். 1937இன் அந்தப் பதிலில் காட்டம் இருக்கிறது, ஏளனமும் இருக்கிறது. எதிராளி என்ன சொன்னார் என்பதை அட்சரம் பிசகாமல் வாங்கிக்கொண்ட பிறகு வரும் காட்டம் அது. நான் மரியாதை என்று சொல்வது அந்த வாங்கிக்கொள்ளலைத்தான்.

வசவுக்கு இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாதிப் பெயர் சொல்லித் திட்டுகிறவரிடம் வாதத்தை எண்ணிட்டுப் பதில் சொல்லும் கடமை யாருக்கும் இல்லை. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பொதுப் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயரால் திட்டுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 3(1)(எஸ்) பிரிவின் கீழ்க் குற்றம். அது காவல் நிலையத்துக்குப் போக வேண்டிய விஷயம், உரையாடலுக்கு வர வேண்டியதில்லை.

என் கவலை வெளியே இருப்பவர்களைப் பற்றி அதிகம் இல்லை. நம்மைப் பற்றித்தான். நாம் இரண்டே வகையில் எதிர்வினை செய்யப் பழகியிருக்கிறோம். நம் ஆள் எழுதினால் "அருமை தோழர்." மாற்று முகாம் எழுதினால் அவர் யார், யாரோடு படம் எடுத்துக்கொண்டார், எந்த விருது வாங்கினார். இரண்டுக்கும் கட்டுரையைப் படிக்கத் தேவையில்லை என்பதுதான் ஒற்றுமை. முதலாவது அதிகத் தீங்கு என்று எனக்குத் தோன்றுகிறது. முதல்முறையாக எழுதுகிற இருபது வயதுப் பிள்ளைக்குப் பத்துப் பேர் அருமை என்று சொல்கிறார்கள். ஒருவராவது "உங்கள் மூன்றாம் பக்கத்தில் சொன்னது எனக்குப் பிடிபடவில்லை, எங்கள் ஊரில் வேறு மாதிரி நடந்தது" என்று சொன்னால் அவருக்குத் தன்னை யாரோ படித்தார்கள் என்று தெரியும். அடுத்த கட்டுரை அந்த ஒரு வாக்கியத்திலிருந்து வரும். பண்டிதரின் 'தமிழன்' இதழில் வாசகர்கள் சந்தேகம் கேட்டு எழுதுவார்கள், அவர் விடை எழுதுவார். அந்த இதழின் ஒரு பகுதியே அப்படிக் கேட்டவர்களால் உண்டானது.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு, அது நான் செய்தது. தேதி சரியில்லை, மேற்கோள் சரியில்லை, இந்தச் சொல்லுக்கு இன்னாரின் நூலைப் பார்க்கவில்லையா. பிழையைச் சுட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. மகத் 1927தான், தப்பாக அச்சேறினால் நாளை எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். ஆனால் அதைக் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது தனியாகச் சொல்லியிருக்கலாம். கூட்டத்தில், அதுவும் முதல் ஆளாக, ஓர் ஆண் எழுந்து சொல்லும்போது அது வேறொன்றாகிவிடுகிறது. பானையைப் பற்றிப் பேசவந்தவரை நான் தேர்வு எழுத வைத்துவிட்டேன். என் வகுப்பறையிலும் அப்படி ஒரு பானை இருந்தது. டம்ளரை முக்கி எடுத்தவர்களில் நானும் ஒருவன். அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது அதைத்தான். தேதி எனக்கு ஒளிந்துகொள்ள வசதியான இடமாக இருந்தது.

போன மாதம் அந்தத் தோழரைத் தொலைபேசியில் அழைத்தேன். அந்தக் கட்டுரையின் பிரதி என் கோப்பில் இன்னும் இருக்கிறது, அதற்கு நான் ஒரு பதில் எழுத விரும்புகிறேன், உங்கள் ஆறு பக்கமும் முழுதாக முதலில் வர வேண்டும், என்னுடையது அதற்குப் பின்னால் வரட்டும் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. நாலு வருஷம் கழித்தா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கட்டுரையை மறுபடி ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.