ஒரு சாவி, பத்துக் கதவு

பல்கலைக்கழகத்தில் கால் வைத்த முதல் வாரத்தில் மாணவர் பெறும் பொருள்கள் மூன்று: அடையாள அட்டை ஒன்று, விடுதி அறைச் சாவி ஒன்று, கணினி மையம் வழங்கும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மற்றொன்று. முதல் இரண்டையும் கண்ணெனக் காக்கிறோம். மூன்றாவதையோ துண்டுத்தாளில் எழுதிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, கேட்டவர்க்கெல்லாம் சொல்லிவிடுகிறோம். அறைச் சாவி திறப்பது ஒரு கதவை. கடவுச்சொல் திறப்பதோ மின்னஞ்சல், வைஃபை, பாடப்பதிவு, கட்டணம், மதிப்பெண், நூலகம் எனப் பத்துக் கதவுகளை!

“பத்துக் கதவுக்கும் ஒரே சாவியா? தொலைந்தால் எல்லாம் தொலையுமே” என்று அஞ்சுவார் உளர். அச்சம் நியாயமானதே. எனினும் மாற்று வழியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பத்துச் சொற்களை நினைவில் வைக்க இயலாதவர் பத்து இடத்திலும் ஒரே சொல்லையே வைப்பார். அவற்றுள் காவல் குறைந்த ஓர் இடத்தில் அது கசிந்தால், பத்தும் கசிந்ததாகவே பொருள். ஒற்றை நுழைவு முறையில் கடவுச்சொல்லைச் சோதிக்கும் இடம் ஒன்றே. நூலகமும் தேர்வுத் துறையும் “இவர் இன்னார்தாம்” என்னும் சான்றை மட்டும் அங்கிருந்து பெற்றுக்கொள்கின்றன. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1983-இல் தொடங்கிய அதீனாத் திட்டத்தில் இக்கருத்துக்கு உருவம் தந்தனர். அங்குப் பிறந்த முறைக்குக் கெர்பரோசு என்று பெயர். கிரேக்கர் புராணத்தில் கீழுலக வாயிலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர் அது. ஆக, ஒரே சாவி என்பது குற்றமன்று. அதை வழங்குவோரும் வைத்திருப்போரும் தத்தம் கடமையை மறப்பதே குற்றம்.

முதலில் நம் கடமையைப் பேசுவோம். ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்த நமக்குத் தமிழ்க்குரல் ஒன்று காதில் விழுந்தாலே உள்ளம் குளிர்கிறது. “அண்ணா, என் கணக்கு இன்னும் திறக்கவில்லை; உங்களுடையதைக் கொஞ்சம் கொடுங்கள்” என்று தம்பி கேட்டால், மறுக்க நா எழுவதில்லை. மறுத்தால் “நம்மூர்க்காரரே இப்படியா?” என்ற சொல் வருமோ என்று அஞ்சுகிறோம். அந்த அன்பு மெய்யானது. அதன் வடிவந்தான் தவறானது. இரவல் கொடுத்த சட்டை திரும்பி வரும். இரவல் கொடுத்த கடவுச்சொல் திரும்பி வருவதில்லை. தம்பி நல்லவர், அவர் அறைத்தோழருக்கு அதைச் சொன்னால்? அந்தத் தோழர் ஆய்விதழ்களை மூட்டை மூட்டையாக இறக்கினால், வெளியீட்டாளர் பல்கலைக்கழகம் முழுமைக்குமே நூலக வாயிலை அடைத்துவிடக் கூடும். பதிவேட்டில் நிற்கும் பெயரோ கொடுத்தவர் பெயர்!

ஆசை வந்தால் படித்தவரும் பூட்டுக்குப் பணிவதில்லை. எம்.ஐ.டி.யில் 1961-இல் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் கணிப்பொறிக்குக் கடவுச்சொல் முறை வந்தது. அடுத்த ஆண்டே, தமக்கு ஒதுக்கிய நேரம் போதாத ஆலன் ஷெர் என்னும் ஆய்வாளர், எல்லார் கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பை அச்சிட்டு எடுத்துக்கொண்டார். இன்று நம் நாட்டில் பிறர் கடவுச்சொல்லை மோசடியாகவோ நேர்மையற்ற எண்ணத்துடனோ பயன்படுத்துவது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையும் ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டமும் பெறத்தக்க குற்றம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒழுங்காக அமைந்த கணினி மையத்தில் நம் கடவுச்சொல் அப்படியே எழுதி வைக்கப்படுவதில்லை. திரும்ப அவிழ்க்க இயலாத கணக்கொன்றில் இட்டுப் பெற்ற விடை மட்டுமே அங்கு உண்டு. இக்காவலின் நுட்பத்தை ராபர்ட் மாரிசும் கென் தாம்சனும் 1979-இல் விளக்கி எழுதினர். ஆகவே மையத்தார் பழைய சொல்லை அழித்துப் புதியது தரலாம்; பழையதை நம்மிடம் கேட்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. “கணினி மையத்திலிருந்து பேசுகிறோம், கடவுச்சொல்லைச் சொல்லுங்கள்” என்பவர் யாராயினும் அவரிடம் சொல்லற்க!

நிற்க. பழி முழுவதையும் மாணவர் தலையில் சுமத்துவது அறமாகாது. தமிழ்நாட்டுச் சிற்றூரிலிருந்து வருவோர் பலர் விண்ணப்பத்தைப் பிரௌசிங் சென்டரில் நிரப்பியவர்கள். மின்னஞ்சலைத் தொடங்கியவர் கடைக்காரர். அதன் கடவுச்சொல் அவருக்கே வெளிச்சம். படிவத்தில் எழுதிய எண்ணோ தந்தையின் கைப்பேசி எண். இங்கே மாணவி சொல்லை மறந்து திரையின் முன் தவிக்கிறார், ஓ.டி.பி.யோ அங்கே வயலில் நிற்கும் தந்தையின் சட்டைப்பையில் ஒலிக்கிறது. அவர் எடுத்துப் படித்துச் சொல்வதற்குள் அதன் ஆயுள் முடிகிறது. கட்டணம் செலுத்தும் கடைசி நாளில் இது நேர்ந்தால் அந்த மாணவி யாரிடம் முறையிடுவார்? உதவிக் குறிப்புகளோ அவர் தட்டுத்தடுமாறிப் படிக்கும் மொழிகளில்.

ஆதலின் பல்கலைக்கழகத்தை நாம் கேட்க வேண்டியவை சில. அடையாள அட்டையோடு நேரில் வருவோர்க்கு அன்றே கணக்கைத் திறந்து தரும் வழி வேண்டும். எண்ணையும் மின்னஞ்சலையும் முதல் வாரத்திலேயே மாற்றிக்கொள்ள வாய்ப்பு வேண்டும். கணக்கு முடங்கியதால் கெடு தவறியவர்க்குத் தண்டம் விதித்தல் கூடாது. காரணமின்றி அடிக்கடி கடவுச்சொல்லை மாற்றச் சொல்லும் வழக்கமும் ஒழிய வேண்டும். அமெரிக்க நாட்டுத் தரநிர்ணய நிறுவனமே 2017-இல் அவ்வழக்கம் வேண்டாவென்று அறிவுறுத்திற்று. கசிந்ததற்குச் சான்று இருந்தால் மட்டுமே மாற்றச் சொல்லலாம் என்றது. மாதந்தோறும் மாற்றச் சொன்னால் மனிதர் இறுதியில் ஓர் எண்ணைக் கூட்டுவாரேயன்றிப் புதுச்சொல் தேட மாட்டார்.

நம் சங்கத்திற்கும் பணி உண்டு. பொங்கல் விழாவையும் பட்டிமன்றத்தையும் சிறப்புற நடத்தும் நாம், சேர்க்கை வாரத்தில் கணினி மைய வாயிலில் இருவரை நிறுத்தல் ஆகாதா? வந்திறங்கும் தம்பி தங்கையர் தமக்கென ஒரு மின்னஞ்சல் தொடங்கவும், சொந்த எண்ணைப் பதியவும், நீண்டதாய், பிறர் எளிதில் ஊகிக்க இயலாததாய்க் கடவுச்சொல் அமைக்கவும் தமிழில் சொல்லித் தருவோம். அவர்கள் தட்டச்சும்போது முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொள்வோம். நம் சாவியை இரவல் தருவதினும், அவர் சாவியை அவர் கையில் சேர்ப்பதே ஊர்ப்பற்றுக்கு அழகு.